இரண்டு முறை ஓட்டிய சாலை

கடைத்தெருவில் அவருக்குப் பெயர் கிடையாது. தராசு, அவ்வளவுதான். "தராசு வருதுப்பா" என்று முதல் கடையில் குரல் எழும்பினால், அடுத்தடுத்த கடைகளில் துணியை எடுத்துத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அழுக்கோடு காட்டினால் அவர் திட்டமாட்டார். சும்மா பார்ப்பார். அதற்குத் திட்டே தேவலை.

முள் தராசு, மேடைத் தராசு, எண்கள் மினுங்கும் புதுத் தராசு, எதுவானாலும் பழுது பார்ப்பார். சைக்கிள் கேரியரில் கட்டிய மரப்பெட்டிக்குள் சோதனைக் கற்களும் திருப்புளிகளும் கிடக்கும். அந்தக் கனத்தோடு ஓட்டி ஓட்டிப் பழகிப்போனதில், பெட்டி காலியாக இருந்தால் அவருக்குச் சைக்கிள் ஓட்ட வராது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதும் உள்ளே ஒரு பெரிய இரும்புக் கல் இருக்கும்.

"ஆண்டவரையும் எடை பார்க்கப் போறீங்களா?" என்று மனைவி கேட்பார்.

"பின்னாடி கனம் இல்லன்னா முன்னாடி ஆடுது."

வீட்டில் இரண்டே அறைகள். முன் அறையில் ஜன்னலை ஒட்டி அவருடைய மேசை. காற்று பட்டால் முள் ஆடும் என்பதால் அவர் வேலை செய்யும் நேரத்தில் மின்விசிறி ஓடக்கூடாது. மற்றவர்கள் வியர்த்து வழிந்துகொண்டு கிடப்பார்கள். ஒரே மகள் அந்த மேசைக்குக் கீழேதான் வளர்ந்தாள். பிறந்த வாரத்திலிருந்து ஞாயிறு தவறாமல் அவளைத் தட்டில் கிடத்தி நிறுத்துப் பார்ப்பார். அவள் எட்டி உதைத்துத் தராசையே கவிழ்க்கும் வயது வரும்வரை அது நடந்தது. பிறகு அவள் படித்து, ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளர் ஆனாள். "அப்பா பார்த்த வேலைதான். எங்க ஆபீஸ்ல ஃபேன் ஓடும், அது ஒண்ணுதான் வித்தியாசம்" என்பாள்.

தன்னை மட்டும் அவர் ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை.

அவருடைய அக்கா மலைமேல் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகும் பிரசவ வார்டைவிட்டு இறங்கி வரவில்லை. வாரம் ஒருமுறை போனில் தம்பியிடம் பேசுவார். பெரும்பாலும் அக்கா பேசுவார், தம்பி கேட்பார்.

"மறுபடியும் கரண்ட் போச்சுடா. ஒரு கையில டார்ச்சு, ஒரு கையில குழந்தை. மூணாவது கை முளைக்கும் முளைக்கும்னு நானும் பார்க்கிறேன். ஒரு ஜெனரேட்டர் கேட்டு மிஷனுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அவங்ககிட்டயும் இல்ல, பாவம்."

தம்பி போனை வைத்தார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, அறிவிப்பு ஏதாவது உண்டா என்று போதகர் கேட்டபோது எழுந்து நின்றார். சபையில் பாட்டுக்குத் தவிர வாய் திறக்காதவர். பாட்டும் சுதியில் நிற்காது.

"அக்கா ஆஸ்பத்திரிக்கு சைக்கிள்ல போறேன். கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு ஆளாளுக்கு எதாச்சும் குடுத்தா ஜெனரேட்டர் வாங்கிடலாம்."

உட்கார்ந்துவிட்டார். இன்னும் நாலு வார்த்தை வரும் என்று போதகர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஜெபத்துக்குப் போனார்.

மலை, நாட்டின் இன்னொரு ஓரத்தில் இருந்தது. ரயிலில் போனாலே ஒரு பகல், ஒரு இரவு. சபையில் இருந்தவர்கள் கையில் இருந்ததைத் தருவதாகச் சொன்னார்கள். அது போதாது என்று எல்லாருக்கும் தெரிந்தது. மறுநாள் அவர் கடைத்தெருவுக்குப் போனார். வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் ஒரு மளிகைக்காரர். அவர் சரி என்றால் தெருவே சரி என்னும்.

"யோவ் தராசு, என் வியாபாரத்துல மண்ணை அள்ளிப் போட்டவன் நீ" என்றார் மளிகைக்காரர். "உன் கை என் தராசுல பட்ட நாள்ல இருந்து சர்க்கரையில எனக்கு ஒரு சிட்டிகை மிஞ்சினது கிடையாது."

"அதுக்கு முன்னாடி மிஞ்சினது யாரோடது?"

"அதை விடு. நான் தர்றேன். சங்கத்துல எல்லாரையும் தரச் சொல்றேன். ஆனா ஒண்ணு. முழுசும் நீ மிதிக்கணும். வழியில லாரி, பஸ்ஸுன்னு எதுலயாவது ஏறினேன்னு வையி, பேச்சு அத்தோட முடிஞ்சுது. நீ என்னை கிராம் கணக்குல பார்த்தேல்ல? நான் உன்னை அடிக்கணக்குல பார்ப்பேன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மளிகைக்காரரும் சிரித்தார். தராசுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி. அதுதான் நியாயம்" என்றார்.

மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவருடைய சட்டைகளுக்குப் பொத்தான் தைக்க உட்கார்ந்தார். சம்மதம் என்று அதற்கு அர்த்தம். மகள் வந்து சைக்கிளுக்குப் புது டயரும் பிரேக் கட்டைகளும் மாட்டினாள். பெட்டியைத் திறந்து பார்த்தவள் அந்த இரும்புக் கல்லை வெளியே எடுத்து வைத்தாள். அவர் திரும்ப உள்ளே வைத்தார்.

"அப்பா, மலை ஏறணும் நீங்க."

"ஆடும் பாப்பா."

"துணியை வைங்க, ரொட்டியை வைங்க. அதுவும் கனம்தானே?"

"ரொட்டி குறையும். கல்லு குறையாது."

அவள் பெட்டியை மூடினாள். கல்லோடு கிளம்பினார்.

ஊர் எல்லை தாண்டியதும் சாலை அகலமானது. விடியும் முன்னே மிதிக்க ஆரம்பித்து, வெயில் ஏறியதும் மரத்தடியிலோ பெட்ரோல் பங்கிலோ ஒதுங்கி, சாய்ந்த பிறகு மறுபடி மிதிப்பார். சர்ச் கண்ணில் பட்டால் அங்கே படுக்கை. இல்லையென்றால் தீயணைப்பு நிலையம், பள்ளிக்கூட வராந்தா. சாயங்காலம் வீட்டுக்குப் போன் போடுவார். இருக்கிற இடம், சாப்பிட்ட விஷயம், வைத்துவிடுவார். உள்ளங்கை மரத்துப்போனதையோ, சீட்டில் உட்கார முடியாமல் துண்டை மடித்துப் போட்டு ஓட்டியதையோ சொல்லவில்லை.

அவரைக் கஷ்டப்படுத்தியது வெயில் இல்லை, மனிதர்களின் நல்ல மனசு. ஒவ்வொரு மேட்டிலும் யாராவது ஒருத்தர் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க பெரியவரே, மேல கொண்டுபோய் விட்டுடறேன்" என்பார். வேண்டாம் என்று சொல்வதற்கு அவருக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: "வேண்டுதல் இல்லீங்க, வாக்கு." சிலர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பால்வண்டிக்காரர் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து, மேடு முடியும் வரைக்கும் தன் குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுப் போனார். மூச்சு வாங்கியதில் இவரால் "உம்" கூடப் போட முடியவில்லை. அது அந்த மனிதருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

பாதிக்கு மேல் வந்தாகிவிட்டது. அப்போது மழை பிடித்தது. விடாத மழை. நனைந்துகொண்டே இரண்டு நாள் ஓட்டினார். மூன்றாம் நாள் காலையில் பல் கிட்டிக்கொண்டது. ஒரு பஸ் நிழற்குடையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். அந்த நினைப்பு வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது.

கண் விழித்தபோது மெத்தைமேல் கிடந்தார். அந்த மெத்தைக்குக் கீழே இன்னொரு மெத்தை. அதற்குக் கீழேயும் மெத்தைகள். தார்ப்பாய் மேலே படபடத்தது. பக்கத்தில் சைக்கிள் படுத்திருந்தது. லாரி நின்றதும் டிரைவர் பின்பக்கமாக எட்டிப் பார்த்தார்.

"உசிரு இருக்கு, சைக்கிளும் இருக்கு. பெட்டிக்குள்ள என்ன பெரியவரே, பாறாங்கல்லா? தூக்கிப் போடறதுக்குள்ள எனக்கு இடுப்பு போச்சு."

"எங்க இருக்கோம்?"

டிரைவர் ஊரைச் சொன்னார். நாளை மறுநாள் வந்து சேர வேண்டிய ஊர். "நிழற்குடைக்கிட்ட டீக்கடை வச்சிருக்கிற அம்மாதான் கையைக் காட்டி நிறுத்துனாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன்னாங்க. மெத்தை நனைஞ்சதுன்னா முதலாளி என்னைத்தான் பிழிவாரு. அதான் உங்களை ஓரமா படுக்க வச்சேன், கோவிச்சுக்காதீங்க."

அவர் டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றி சொன்னார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றார்கள். நர்ஸ் ஒரு பெண் அவரை எடை மேடையில் ஏறச் சொன்னாள். அவர் ஏறவில்லை, குனிந்து எண்ணைப் பார்த்தார்.

"இது பூஜ்ஜியத்துல நிக்கலையேம்மா."

"ஐயா, முதல்ல நீங்க நில்லுங்க. அப்புறம் அதை நிக்க வைக்கலாம்."

அன்று முதல் தடவையாக அவர் எடை எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்தது. மேடை காட்டிய பிழையைக் கழித்து மனசுக்குள் திருத்திக்கொண்டார்.

மகள் ராத்திரி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே சாலையைப் பார்த்தார்.

"லாரில ஏறிட்டேன் பாப்பா."

"ஏறலப்பா. ஏத்தினாங்க."

"தூரம் குறையுதே."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவளுக்கும் அதே தொழில். கொஞ்ச நேரம் கழித்து அவளே ஒரு வழி சொன்னாள். பாத்திரத்தோடு எண்ணெய் நிறுக்கும்போது பாத்திர எடையைக் கழிப்பதில்லையா, அப்படி. "லாரி உங்களை முன்னால கொண்டு வந்துச்சு. அதே தூரம் பஸ் உங்களைப் பின்னால கொண்டுபோய் விடட்டும். ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போகும். நிழற்குடையில இருந்து மறுபடி மிதிங்க. நடுவுல வண்டியில போனது பூஜ்ஜியம்."

அவர் முகம் தெளிந்தது. மனசுக்குள் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. இருந்தாலும், "மளிகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்றார்.

"அவருக்கு எதுக்குப்பா? யாரு போய்ச் சொல்லப் போறா?"

"சொல்ல யாரும் இல்லைங்கிறதாலதான் கேக்கணும்."

போன் போட்டார். விஷயத்தை மட்டும் சொன்னார், காய்ச்சலைச் சொல்லவில்லை. மறுமுனையில் கடைச் சத்தம் கேட்டது. மளிகைக்காரர் குஷியாகிவிட்டார்.

"மாட்டினியா? இரு இரு, தீர்ப்பு சொல்றேன். லாரில ஏறின குத்தத்தை நான் விட்டுடறேன், தூரத்தை விடல. நினைவு இல்லாம கிடந்த, சரக்கு மாதிரி ஏத்தினாங்க. ஆனா பஸ்ல போறது? அது நீயா காசு குடுத்து, நீயா படி ஏறிப் போறது. அது செல்லாதுய்யா. திரும்பிப் போறதா இருந்தாலும் மிதிச்சுத்தான் போகணும்."

கடையில் யாரோ கைதட்டினார்கள். அவர், "சரி. அதான் சரி" என்றார்.

மகள் போனைப் பிடுங்கினாள். "மாமா, அப்பா ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கார். நெஞ்சுல சளி. உங்களுக்கு இது விளையாட்டா இருக்கா?"

கடைச் சத்தம் அடங்கியது. மளிகைக்காரரின் குரல் வேறாகிவிட்டது. "ஐயோ பாப்பா, எனக்கு எப்படித் தெரியும்? அந்த மனுஷன் சொல்லவே இல்லையே. போனை அவர்கிட்ட குடு. யோவ், நான் சும்மா கலாய்ச்சேன்யா. பஸ்ல வா, ரயில்ல வா, எதுல வேணாலும் வா. முழுசும் நான் தர்றேன். சங்கம் தரலன்னாலும் நான் தர்றேன். வீடு வந்து சேரு முதல்ல."

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க முதல்ல சொன்னதுதான் சரியான எடை. இப்ப சொல்றது, தட்டுல விரலை வைக்கிறது. எனக்காக வைக்கிறீங்க, அது தெரியுது. இருந்தாலும் விரல் விரல்தானே?"

ஜெனரேட்டர் அந்த நிமிஷமே கிடைத்தாகிவிட்டது. இனி மிதிக்க வேண்டிய அவசியம் ஊரில் யாருக்கும் இல்லை. அவருக்கு மட்டும் இருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் தராசில் ஒரு கிராமுக்கு மல்லுக்கு நின்றவர், தன் தட்டில் இத்தனை பெரிய குறையை வைத்துக்கொண்டு கடைத்தெருவில் எப்படித் திரும்பவும் நடப்பார்?

மனைவிக்குப் போன் போட்டார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ஓட்டுங்க" என்றார் கடைசியில். "ஓட்டாம வந்தா வீட்ல உட்கார்ந்து என் உசிரை எடுப்பீங்க. ஆனா டாக்டர் சரின்னு சொன்ன பிறகு. அதுக்கு முன்னால சைக்கிளைத் தொட்டீங்க, நானே லாரி பிடிச்சு வந்துடுவேன்."

டாக்டர் சரி என்று சொல்ல ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. மகளுக்கு லீவு முடிந்தது. கிளம்பும்போது அவள் பெட்டியைத் திறந்து அந்த இரும்புக் கல்லைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு ஊர் வரைக்கும் போனாள்.

அடுத்த வருஷம் அவர் இறந்தபோது அந்த மழைதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். மழை காரணமில்லை என்றார் டாக்டர். இதயக் கோளாறு, பல வருஷமாகவே இருந்திருக்கும் என்றார். மகள் இரண்டு வருஷத்து எக்ஸ்ரே படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நெஞ்சுச் சளி இருந்த இடத்தில் தழும்புகூட இல்லை. டாக்டர் சொன்னது சரி. சரியாக இருந்ததால் அவளுக்குத் துக்கம் குறைந்துவிடவில்லை.

அன்று மகள் கல்லோடு போன பிறகு, பின்னால் கனம் இல்லாமல் சைக்கிள் முதலில் ஆடத்தான் செய்தது. ஆஸ்பத்திரி இருந்த ஊரைவிட்டு, வந்த திசையிலேயே திரும்பி மிதித்தார். தார்ப்பாய்க்குள் கிடந்து கடந்த சாலை அது. இப்போதுதான் கண்ணால் பார்த்தார். ஒரு செங்கல் சூளை. நீளமான ஒரு பாலம். பாலத்துக்குக் கீழே துணி துவைப்பவர்கள் அவரைப் பார்த்துக் கை காட்டினார்கள். காற்று முதுகில் இருந்ததால் வண்டி தானாகப் போனது. திரும்பி வரும்போது இதே காற்று முகத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மூச்சு முட்டினால் இறங்கி நின்றார். அவசரம் ஒன்றும் இல்லை.

நிழற்குடைக்கு வந்து சைக்கிளைச் சாய்த்தார். எதிரே டீக்கடையில் இருந்த அம்மா அவரைப் பார்த்துவிட்டுக் கரண்டியோடு வெளியே வந்தார்.

"அன்னைக்குச் சாகக் கிடந்தது நீங்கதானே?"

"ஆமாம்மா. நீங்கதான் லாரியை நிறுத்தினீங்களாம்."

"நல்லாயிட்டீங்கல்ல, அப்படியே முன்னால போக வேண்டியதுதானே? திரும்பி எதுக்கு வந்தீங்க? எதாவது விட்டுட்டுப் போனீங்களா?"

"ஆமாம்மா."

"இங்க ஒண்ணும் இல்லையே. நான் அன்னைக்கே கூட்டிட்டேன்."

எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு டீ கேட்டார். டீயைக் குடித்துக்கொண்டே முழுக் கதையையும் சொன்னார். அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அத்தனை பேசியது அன்றுதான் இருக்கும். அந்த அம்மா கேட்டு முடித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரி பாவம்" என்றார். டீக்குக் காசு வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டது அவருக்குப் பிடித்திருந்தது.

சைக்கிளைத் திருப்பினார். முகத்தில் காற்றோடு அதே பாலம், அதே சூளை. இந்த முறை கை காட்டியவர்களுக்கு அவரும் காட்டினார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது எடை மேடை நர்ஸ் படியில் நின்று பார்த்தாள். அவர் நிற்கவில்லை.

மலை அடிவாரத்துக்கு வந்து சேரும்போது வானம் வெளுத்திருந்தது. ஏற்றத்தில் பாதிக்கு மேல் இறங்கித் தள்ளினார். மிதிப்பதா தள்ளுவதா என்று மளிகைக்காரரிடம் கேட்கவில்லை. காலால் போவது காலால் போவதுதான் என்று தானே முடிவு செய்துகொண்டார். இரண்டு நாள் ஆனது. ஆஸ்பத்திரியின் தகரக் கூரை தெரிந்தபோது சாயங்காலம்.

அக்கா வாசலுக்கு வெளியே நின்றிருந்தார். பின்னால் நாலைந்து நர்ஸ்கள். கிட்டே வந்ததும் அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"துடிக்கிற துடிப்பைப் பாரு. உட்காரு முதல்ல. இங்கயே, இந்தக் கல்லுமேல."

"இன்னும் வரலக்கா."

"என்னடா வரல?"

"வாசல் அங்க இருக்கு."

அக்கா திரும்பி வாசலைப் பார்த்தார். பத்தடி இருக்கும். தம்பியைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து தெரிந்த முகம். கையை விட்டார்.

"போய்த் தொலை. தாண்டிட்டு வந்து உட்காரு."

அந்தப் பத்தடியை அவர் தள்ளவில்லை. ஏறி உட்கார்ந்து மிதித்தார். சைக்கிள் ஒரு பக்கமாக ஆடியது. நர்ஸ்கள் பிடிக்க ஓடினார்கள். அக்கா கையை நீட்டி அவர்களைத் தடுத்தார். வாசலைத் தாண்டி, பிரசவ வார்டுக்கு முன்னால் இருந்த பெஞ்சு வரைக்கும் போய் இறங்கினார். வார்டில் எல்லா விளக்குகளும் எரிந்தன. அன்று மின்சாரம் போகவே இல்லை.

"உன் நேரத்தைப் பாரு" என்றார் அக்கா.

அவர் சிரித்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அது அடங்குவதற்குள் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிப்போனார். அக்கா ஒரு போர்வை கொண்டுவந்து போர்த்திவிட்டு, சைக்கிள் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தார்.

"அத்தை, அப்பா வந்துட்டாரா?"

"வந்துட்டான். முழுசா வந்துட்டான். இப்பத்தான் கண்ணை மூடித் தூங்கறான். எழுப்பட்டுமா?"

"வேண்டாம் அத்தை" என்றாள் மகள். "எழுப்பாதீங்க."